வரப்போரத்து நாட்டு மாமரத்தை வெட்டலாமா? வகைகளும் பழத்தின் தரமும்

கேள்வி: 27 ஏப்ரல் 2025

தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் மேட்டு நிலம். வரப்போரமாக ஏழு மாமரங்கள், தாத்தா காலத்துக்கு முன்பே கொட்டையிலிருந்து முளைத்தவை. வியாபாரி எட்டிப் பார்ப்பதில்லை. பழம் சின்னது, நார் அதிகம், இரண்டு மரத்தில் பழுத்தாலும் புளிப்பு போவதில்லை. விறகுக்கு விலை பேசியாகிவிட்டது. வெட்டிவிட்டுப் பெங்களூரா (கிளிமூக்கு மா) ஒட்டுக் கன்று வைக்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். நாட்டு மாவுக்குத் தரம் என்று ஒன்று இருக்கிறதா, இல்லை பழைய மரம் என்கிற பாசம் மட்டும்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: 27 ஏப்ரல், இரவு

இந்தப் பருவம் முடியும்வரை வெட்டாதீர்கள் தம்பி. காயோடு நிற்கிற மரத்தை ஏப்ரல் கடைசியில் சாய்ப்பதில் ஒரு லாபமும் இல்லை. விறகு ஆகஸ்டிலும் விற்கும்.

ஏழு மரம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டீர்கள். நம் பக்கத்தில் கொட்டையில் முளைத்த ஏழு மரம் என்றால் ஏழு வகை. பெங்களூரா தோப்பில் நூறு மரம் நின்றாலும் வகை ஒன்றுதான், எல்லாம் ஒட்டு. உங்கள் வரப்பில் இருப்பதற்கு உலகத்தில் வேறு எங்கும் இரண்டாவது மரம் கிடையாது. அதற்காகவே உயர்ந்தது என்று சொல்லவில்லை. ஆனால் வெட்டினால் திரும்ப வாங்க நர்சரி இல்லை.

எங்கள் நிலம் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளிப் பக்கம். வரப்பு மரங்களுக்கு வீட்டில் பெயரே வேலையை வைத்துத்தான். வடுவுக்கு ஒரு மரம். ஊறுகாய்க்கு ஒன்று. பருப்பில் போடுவதற்கு ஒன்று. சப்பிச் சாப்பிட ஒன்று. ஊறுகாய் மரத்துப் பழத்தை யாரும் வாயில் வைக்க மாட்டார்கள், அவ்வளவு புளிப்பு. அதே மரத்துக் காய்தான் உப்பில் ஒரு வருடம் கிடந்தாலும் குழையாது. பழமாகத் தின்று பார்த்து அந்த மரத்துக்கு மதிப்பெண் போட்டிருந்தால் எப்போதோ விறகாகப் போயிருக்கும்.

அதனால் முதல் கேள்வி உங்களுக்கு: அந்தப் புளிப்பு போகாத இரண்டு மரத்தின் காயை உங்கள் பாட்டி என்ன செய்தார்கள்?

28 ஏப்ரல்

இன்னொன்று விட்டுப்போனது. மரத்துக்குச் சுண்ணாம்பில் எண் போட்டுவிடுங்கள். "கிணற்றோரத்து மரம்", "அந்தப் பக்கத்து மரம்" என்று பேசினால் ஜூலையில் எதைப் பற்றிப் பேசினோம் என்பதே மறந்துவிடும்.

3 மே

நார் குறையா? எதற்கு என்று கேட்டால்தான் பதில் வரும்.

துண்டு போட்டுத் தட்டில் வைக்கிற பழத்தில் நார் குறைதான். பங்கனப்பள்ளியும் இமாம் பசந்தும் விலை போவதற்குப் பாதிக் காரணம் கத்தி வழுக்கிக்கொண்டு போவது. ஆனால் சப்பிச் சாப்பிடுகிற பழத்தில் நார்தான் சாற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. பழத்தை உள்ளங்கையில் உருட்டி, காம்புப் பக்கம் கிள்ளி உறிஞ்சினால் சாறு வரும், நார் கொட்டையோடு நின்றுவிடும்.

ஆவக்காய் ஊறுகாயை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்தில் தெலுங்கு பேசும் வீடுகள் ஏராளம், அவர்களிடம் கேளுங்கள். நார் உள்ள, புளிப்பான, உள் ஓடு கெட்டிப்பட்ட காயைத்தான் தேடுவார்கள். ஓட்டோடு சேர்த்து வெட்டினால்தான் துண்டு எண்ணெயில் கரையாமல் நிற்கும். நாரில்லாத மல்கோவாவை ஆவக்காய் போட்டால் இரண்டாம் மாதம் ஜாடியில் கூழ்தான் இருக்கும்.

கர்நாடக மலைநாட்டில் அப்பேமிடி என்று ஒரு தொகுதியே இருக்கிறது. ஆற்றோரங்களில் தானாக முளைத்த மரங்கள். பழத்துக்காக அவற்றை யாரும் தேடுவதில்லை. பிஞ்சில் வரும் பாலின் வாசனைக்காகத் தேடுகிறார்கள். உப்பில் போட்ட அப்பேமிடி வருடக்கணக்கில் கெடாது. அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பழுக்கவைத்துத் தின்றால் சாதாரண மாங்காய்தான். நம் பக்கத்து வரப்பு மரங்களில் பிஞ்சு வாசனையை யாராவது வரிசையாக முகர்ந்து பார்த்திருக்கிறோமா?

4 மே

கேட்டவர் பதில் போட்டிருக்கிறார். புளிப்பு மரம் இரண்டில் ஒன்றின் காயைச் சீவி, உப்புப் போட்டு வெயிலில் காயவைத்து வற்றலாக வைத்துக்கொள்வார்களாம். மழைக்காலத்தில் புளிக்குப் பதிலாக அதுதான் குழம்புக்கு. பத்து வருடமாக யாரும் போடவில்லை.

சரி, அந்த மரத்துக்கு வேலை இருந்திருக்கிறது. வேலை தெரிந்தவர்கள் போய்விட்டார்கள், மரம் நிற்கிறது.

11 மே

"நல்ல மரத்தின் கொட்டையைப் போட்டால் அதே மரம்தானே வரும், அப்புறம் வெட்டினால் என்ன?" என்று கேட்டிருக்கிறார் இன்னொருவர். நம் பகுதியில் வராது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மாங்கொட்டையில் இரண்டு விதம். ஒரு கொட்டையில் ஒரே கரு உள்ளவை, பல கரு உள்ளவை. பல கரு உள்ளவற்றில் பெரும்பாலான முளைகள் தாய் மரத்தின் திசுவிலிருந்தே வருவதால் தாயைப் போலவே இருக்கும். கேரளக் கரையோரத்து ஒளூர், சந்திரக்காரன், வெள்ளைக்கொழும்பன் எல்லாம் அந்த வகை. அங்கே கொட்டை போட்டே ஒரு வகையைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்ற முடியும். நம்மூர் நீலம், செந்தூரா, பெங்களூரா, மல்கோவா எல்லாம் ஒரே கரு. பூவுக்கு ஈ கொண்டுவந்த மகரந்தம் எந்த மரத்தினுடையது என்று தெரியாது. முளைப்பது புதுப் பிள்ளை. தாயின் இனிப்பு வரலாம், யாருடையதோ புளிப்பும் வரலாம்.

இதனால்தான் நம் வரப்புகளில் இவ்வளவு வேறுபாடு. இதனால்தான் ஒரு மரம் போனால் அதோடு போயிற்று.

இன்று பெயர் சொல்லி விற்கிற பழைய வகை எதை எடுத்தாலும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வீட்டுக் கொட்டை மரம்தான். தசேரியின் தாய் மரம் லக்னோ பக்கத்தில் அந்தப் பெயருள்ள ஊரிலேயே இன்னும் நிற்கிறது. யாரோ சாப்பிட்டுப் பார்த்து, இது நன்றாக இருக்கிறதே என்று ஒட்டுக் கட்டினார்கள். அவர் கட்டாமல் விட்டிருந்தால் தசேரி இல்லை.

11 மே, மறுபடியும்

மேலே எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள். நார் பற்றி 3-ஆம் தேதி எழுதியதற்கும் இது பொருந்தும்.

1889-ல் இந்தியாவிலிருந்து மல்கோபா என்ற பெயரில் சில ஒட்டுக் கன்றுகள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போயின. அதன் பழத்தின் கொட்டையை 1902-ல் ஹேடன் என்ற ஓய்வுபெற்ற ராணுவ கேப்டன் ஊன்றினார். அதில் 1910-ல் காய்த்ததுதான் ஹேடன் மாம்பழம். இன்று உலகச் சந்தையில் அதிகம் கப்பலேறும் வகைகளில் ஒன்றான டாமி அட்கின்ஸ், ஹேடனின் கொட்டையிலிருந்து வந்தது. ஹேடனுக்குத் தந்தை யார் என்று பின்னால் மரபணு வைத்துப் பார்த்தார்கள். அங்கே டர்பன்டைன் என்று பெயர் வைத்திருந்த நாட்டு மரம். பெயரே போதும், நாரும் பிசின் வாடையும் அடிக்கிற பழம். நல்ல பழம் என்று பெயர் எடுத்த மரமில்லை, ஒட்டுக்கு அடியில் வேர் கொடுக்கும் வேர்ச்செடியாகத்தான் பயன்பட்டது.

அந்த நாட்டு மரத்தை நாரென்று எல்லோரும் வெட்டியிருந்தால் ஹேடன் பிறந்திருக்காது.

12 மே

கார்பைடு பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்கவைப்பது 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி தடை. எத்திலீன் வாயு 100 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு 100 பங்கு) வரை அனுமதி, 2016 முதல். இதற்கும் வகைக்கும் என்ன தொடர்பு என்றால், ஏப்ரல் தொடக்கத்தில் முற்றாத பங்கனப்பள்ளியைப் பறித்து மஞ்சளாக்கி விற்பதைத் தின்றுவிட்டு "பங்கனப்பள்ளி சப்பென்று இருக்கும்" என்று தீர்ப்புச் சொல்கிறவர்கள் நிறைய. அந்தப் பழத்துக்கு மாவுச்சத்து சேரவே நேரம் கொடுக்கவில்லை. மாவுச்சத்து இல்லாமல் சர்க்கரை எங்கிருந்து வரும்? வகையைக் குறை சொல்லும் முன் எப்போது பறித்தார்கள் என்று கேளுங்கள்.

18 மே

தரத்தை எப்படிப் பார்ப்பது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான் செய்வதைச் சொல்கிறேன், யாரும் வீட்டில் செய்யலாம்.

காய் முற்றியதா என்பதற்குத் தண்ணீர்ச் சோதனை. வாளித் தண்ணீரில் போட்டால் முற்றிய காய் மூழ்கும், இளங்காய் மிதக்கும். மிதக்கிறதைப் பழுக்கவைத்துச் சுவை பார்ப்பது வீண். காம்பை ஒட்டப் பறிக்காமல் விரல் அளவு விட்டுப் பறியுங்கள், அப்புறம் காம்பை ஒடித்துத் தலைகீழாக வைத்துப் பாலை வடியவிடுங்கள். பால் தோலில் பட்டால் கருத்து, அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். நாட்டு மா சீக்கிரம் அழுகிவிடுகிறது என்ற புகாரில் பெரும்பகுதி தடியால் அடித்து விழவைத்ததால் வருவது. நல்ல மரத்தையும் அது கெட்ட பெயர் எடுக்கவைக்கும்.

மரத்தின் நாலு பக்கமும் மேலும் கீழுமாகப் பத்துக் காய் எடுங்கள். வெயில் பக்கத்துப் பழமும் நிழல் பக்கத்துப் பழமும் ஒன்றாக இருக்காது. வைக்கோலில் வையுங்கள். பழுத்தபின் முழுப் பழத்தை எடை போட்டு, தோலையும் கொட்டையையும் தனியாகப் போட்டால் சதை எவ்வளவு என்று தெரியும். எத்தனை நாள் தாங்குகிறது என்று பாருங்கள். கொட்டையைப் பிளந்து உள்ளே வண்டு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நீலத்தில் கொட்டை வண்டுத் தொல்லை அதிகம், உங்கள் நாட்டு மரம் ஒன்றில் வருடா வருடம் வண்டே இல்லையென்றால் அது சாதாரண விஷயம் இல்லை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப்புக்கு ரிஃப்ராக்டோமீட்டர் என்று கையடக்கக் கருவி இருக்கிறது. ஒரு சொட்டுச் சாறு விட்டால் பிரிக்ஸ் அளவு, அதாவது சாற்றில் சர்க்கரை எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும். மாங்கூழ் ஆலைக்காரர்கள் பேசுவது இதில்தான். பெங்களூரா கூழுக்குக் குறைந்தது 14 பிரிக்ஸ், அல்போன்சாவுக்கு 16 என்பது வழக்கமான கணக்கு. ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். 18 பிரிக்ஸ் காட்டியும் புளிப்பே இல்லாத பழம் இரண்டு வாய்க்கு மேல் திகட்டும். 15 காட்டி, கொஞ்சம் புளிப்பும் சேர்ந்த பழத்தைக் கீழே வைக்க மனம் வராது. சர்க்கரைக்கும் புளிப்புக்கும் உள்ள விகிதம்தான் நாக்குக்குத் தெரிவது. வாசனையை அளக்க வீட்டில் கருவியே இல்லை, மூக்குதான்.

காய்க்குத் தனிச் சோதனை. முற்றிய காயைத் துண்டு போட்டு, கல் உப்பில் ஒரு கண்ணாடி பாட்டிலில் மரத்துக்கு ஒன்றாக வையுங்கள், எண் எழுதி. ஆனி கடைசியில் திறந்து பாருங்கள். எது கடிக்க உறுதியாக நிற்கிறது, எது குழைந்தது என்பது மரத்துக்கு மரம் மாறும்.

18 மே, பின்குறிப்பு

பெரியவர்கள் இருந்தால் காய்ப்பைப் பற்றி இப்போதே கேட்டுவிடுங்கள். ஒரு வருடம் கொட்டிக் காய்த்து மறு வருடம் ஓய்வெடுக்கும் மரம் எது, தவறாமல் காய்க்கும் மரம் எது என்பதை ஒரு பருவத்தில் நாம் கண்டுபிடிக்க முடியாது. மல்கோவா எவ்வளவு சுவை என்று எல்லோருக்கும் தெரியும், தோப்பாக வைக்க யாரும் முன்வராததற்குக் காரணம் காய்ப்புதான்.

1 ஜூன்

நீலத்தைப் பற்றி ஒரு வார்த்தை, யாரோ "கடைசியில் வரும் கழிவு" என்று எழுதியதைப் பார்த்துவிட்டுத் தூக்கம் வரவில்லை.

நீலம் வருடா வருடம் காய்க்கும். மற்ற பழம் எல்லாம் முடியும்போது வரும். தோல் தாங்கும். இந்தக் குணங்களுக்காக இந்தியாவில் கலப்பு வகை உருவாக்கியவர்கள் திரும்பத் திரும்ப இதைத்தான் தேடிப் போனார்கள். பெற்றோர் யார் என்று பாருங்கள். மல்லிகா: நீலம், தசேரி. அம்ரபாலி: தசேரி, நீலம். ரத்னா: நீலம், அல்போன்சா. அர்கா நீல்கிரண்: அல்போன்சா, நீலம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1, பி.கே.எம். 2 இரண்டிலும் நீலம். நம் மாவட்டத்திலேயே பையூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பையூர் 1, நீலத்திலிருந்து தேர்ந்தெடுத்த குட்டை வகை, நெருக்கி நடலாம். இத்தனை பிள்ளைகளின் தாயைக் கழிவு என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

சுவைக்குப் பேர் போன பழத்தில் இல்லாத குணம் சாதாரணப் பழத்தில் இருக்கும். அல்போன்சாவின் சதை நடுவில் பஞ்சாகிப் போகும் கோளாறு எல்லோருக்கும் தெரியும், வெளியே பார்த்தால் தெரியாது, வெட்டினால்தான் தெரியும். ரத்னாவை உருவாக்கியபோது அந்தக் கோளாறு இல்லாமல் வந்தது என்பதையே பெரிதாகச் சொன்னார்கள்.

15 ஜூன்

இந்த 2025 பருவத்தில் என்ன நடந்தது என்று எல்லோரும் பார்த்தீர்கள். காவேரிப்பட்டணம் பக்கம் பெங்களூரா கிலோ 4, 5 ரூபாய்க்குப் போனது. பறிகூலிக்கும் வண்டிக்கும் கட்டாமல் மரத்திலேயே விட்டவர்களை எனக்குத் தெரியும். சித்தூரில் வெளிமாநிலப் பெங்களூரா உள்ளே வரக்கூடாது என்று 7-ஆம் தேதி தடை போட்டுவிட்டார்கள். ஆந்திர அரசு அங்குள்ள விவசாயிக்குக் கிலோ 12 ரூபாய் அறிவித்தது, ஆலை 8, அரசு 4. எல்லைக்கு இந்தப் பக்கம் நாம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வயிறு எரிகிறது. இது விலைப் பிரச்சினை மட்டும் இல்லை, வகைப் பிரச்சினையும்தான். ஒரு மாவட்டமே ஒரே வகையை ஒரே வாங்குபவருக்காக வளர்த்தால், ஆலையில் போன வருடத்துக் கூழ் டிரம் டிரம்மாகத் தேங்கினால், அடுத்த மாதமே அத்தனை வீட்டு அடுப்பும் பாதிக்கப்படும்.

16 ஜூன்

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். அதோடு இதையும் சேர்க்க வேண்டும். பெங்களூராவை நான் பழிக்கவில்லை. தவறாமல் காய்க்கிறது, பூச்சி தாங்குகிறது, தோல் கெட்டி, லாரியில் தூரம் போகும். பழுக்காத கிளிமூக்கைக் கீறி, உப்பு மிளகாய்த் தூள் தூவிச் சாப்பிடுவதற்கு இணையாக வேறு எந்த மாங்காயும் கிடையாது, அந்த மொறுமொறுப்பு நாட்டு மாவில் இல்லை. இந்த மாவட்டத்தில் எத்தனையோ பிள்ளைகள் படித்தது அந்தக் காசில்தான், என் வீடு உட்பட.

கேட்டவருக்கு நான் சொல்வது இதுதான்: பெங்களூரா வையுங்கள், நிலத்தில் இடம் இருந்தால் தாராளமாக வையுங்கள். ஏற்கெனவே கடலாக இருக்கும் தோப்பில் இன்னும் ஏழு கன்று சேர்ப்பதற்காக வரப்பு மரத்தைச் சாய்க்க வேண்டாம்.

22 ஜூன்

பூ பற்றி விட்டுப்போன ஒன்று. வடக்கே தசேரி, லங்கடா போன்றவை தன் மகரந்தத்தில் சரியாகக் காய் பிடிக்காது என்பது தெரிந்த செய்தி. பக்கத்தில் வேறு வகை வேண்டும். வரப்பில் வெவ்வேறு சமயத்தில் பூக்கிற நாட்டு மரங்கள் நின்றால் மகரந்தத்துக்குப் பஞ்சமில்லை. இன்னொரு நன்மை, தை மாதத்து மூடுபனியிலோ திடீர் மழையிலோ தோப்பு முழுக்க ஒரே நாளில் பூ கருகினாலும் தாமதமாகப் பூக்கும் மரம் ஒன்றாவது தப்பும்.

மாவுக்கு மகரந்தச் சேர்க்கை செய்வதில் ஈக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சிக்கு மருந்து அடிக்கும்போது பூ விரியும் முன் அடித்து முடித்துவிடுங்கள்.

29 ஜூன்

பேச்சு புளிக்குப் போய்விட்டது, போகட்டும், அதுவும் நம் மாவட்டத்து விஷயம்தான்.

உரிகம் பக்கத்துப் புளியை அறிந்தவர்களுக்குத் தெரியும், நீளக் காய், சதை அதிகம். பெரியகுளத்தில் பி.கே.எம். 1 என்ற அதே பெயரில் வெளியிட்ட புளி வகை ஏண்டபுளி ஊர் மரத்திலிருந்து தேர்ந்தெடுத்தது. அங்கேயும் கதை ஒன்றே: யாரோ ஒரு நல்ல மரத்தைக் கண்ணில் பட்டபோது விடாமல் ஒட்டுக் கட்டினார்கள். சாலை அகலப்படுத்தியபோது நம் மாவட்டங்களில் சாய்ந்த புளிய மரங்களில் எத்தனை உரிகம் இருந்தன என்று நினைத்தால் மனசு ஆறவில்லை. குத்தகைக்காரர்களுக்கு மரத்துக்கு மரம் தெரியும், எது சிவப்பு, எது சீக்கிரம் கருக்கும், எதில் கொட்டை குறைவு என்று. அவர்களிடம் கேட்டு எழுதி வைத்திருக்கலாம்.

நாவலும் அப்படியே. சந்தையில் பெரிய நாவலுக்குத்தான் மதிப்பு. எங்கள் ஏரிக்கரையில் கொட்டைப்பாக்கு அளவில் காய்க்கும் ஒரு மரத்துப் பழம் துவர்ப்பே இல்லாமல் இருக்கும். கொட்டைதான் பெரிது.

ஓசூரில் பிளம்ஸ் வருமா என்று கேட்டவருக்கு: கொடைக்கானல், குன்னூர் உயரத்தில் வருகிறது, அதற்குக் குளிர்காலத்தில் போதிய குளிர் வேண்டும். ஓசூர் குளிர் நமக்குப் போர்வை போர்த்தப் போதும், பிளம்ஸுக்குப் போதாது.

13 ஜூலை

பாலக்கோட்டுத் தம்பி தன் ஏழு மரத்தின் குறிப்பையும் போட்டிருக்கிறார். நிதானமாகப் படித்தேன், மிக நன்றாகச் செய்திருக்கிறார்.

ஏழு மரத்தையும் வைத்துக்கொள் என்று நான் சொல்ல மாட்டேன். 2-ஆம் மரத்தில் வண்டு, நார், சப்பென்ற சுவை, காயும் உப்பில் குழைந்துவிட்டது, பெரியவர்களுக்கும் அதன் காய்க்கு ஒரு வேலையும் நினைவில் இல்லை. கிணற்றுச் சுவரையும் வேர் இடிக்கிறது என்றால் அதை விடலாம். 6-ஆம் மரம் மற்றவற்றைவிடச் சுமார்தான், ஆனால் கடைசியாகப் பழுக்கிறது என்று எழுதியிருக்கிறார், அதை இன்னும் இரண்டு பருவம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

4-ஆம் மரம்தான் எனக்கு வியப்பு. சின்னப் பழம், சர்க்கரைக்குட்டி மாம்பழ அளவு, பிரிக்ஸ் 21, கொட்டை மெல்லிசு, வண்டு இல்லை, பழுத்து ஒன்பது நாள் தாங்கியிருக்கிறது. இதை வியாபாரி எடுக்கவில்லை என்றால் அளவு சிறியது என்பதால் மட்டும்தான்.

5-ஆம் மரம் வற்றல் மரம். உப்பு பாட்டிலில் கல் மாதிரி நின்றதாம். அதையும் தொடாதீர்கள்.

20 ஜூலை

ஒட்டுக் கட்டுவது. இதுதான் சரியான பருவம், காற்றில் ஈரம் இருக்கிறது.

சந்தூர்ப் பக்கம் தலைமுறையாக ஒட்டுக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரிடம் குச்சியைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கட்டித் தரச் சொல்வது நல்லது. நர்சரியில் இருப்பதை வாங்கத்தான் எல்லோரும் போகிறோம், நம் மரத்தின் குச்சியோடு போகலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

குச்சி எடுக்க: மூன்று நான்கு மாதம் முற்றிய நுனிக் கிளை, பென்சில் கனம், நுனி மொட்டு புடைத்திருக்க வேண்டும், இலை விரிந்திருக்கக் கூடாது. எடுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே மரத்தில் இருக்கும்போதே இலையைக் காம்பு விட்டு நறுக்கிவிடுங்கள். காம்பு தானாக உதிரும், மொட்டு புடைக்கும். வெட்டிய குச்சியை ஈரத் துணியில் சுற்றி பாலிதீன் பையில் போட்டால் இரண்டு மூன்று நாள் தாங்கும். அன்றே கட்டினால் இன்னும் நல்லது. மிகப் பழைய மரத்தில் நல்ல நுனி கிடைக்காது. அப்படியானால் இப்போதே ஒரு கிளையைக் கவாத்து செய்து புதுத் துளிர் வரவிட்டு அடுத்த வருடம் எடுங்கள்.

வேர்ச்செடிக்கு எந்தக் கொட்டையும் ஆகும், ஆனால் புதிதாக இருக்க வேண்டும். மாங்கொட்டை நெல் மாதிரி சேமித்து வைக்கிற விதை இல்லை. காய்ந்தால் முளைப்பு போய்விடும், தின்ற சில வாரத்துக்குள் ஊன்ற வேண்டும்.

21 ஜூலை

"ஏற்கெனவே இருக்கும் பெங்களூரா மரத்திலேயே மாற்றிக் கட்டலாமா?" கட்டலாம். கிளைகளை வெட்டிவிட்டு, வரும் துளிரில் வலுவானதை விட்டு மற்றதை நீக்கி, அது முற்றியதும் அதில் ஒட்டுக் கட்டுவார்கள். மரம் முழுவதையும் ஒரே வருடம் வெட்டாதீர்கள், ஒரு பக்கம் இலை இருக்கட்டும். வெயில் நேராகப் படும் கிளைக்குச் சுண்ணாம்பு பூசுங்கள். வேர் பழையது என்பதால் புதுக் கன்றைவிடச் சீக்கிரம் காய்க்கும்.

10 ஆகஸ்ட்

இதைப் படிக்கிற கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்களுக்கு ஒரு கோரிக்கை. லக்னோவில் மத்திய ஆராய்ச்சி நிலையத்தின் தோட்டத்தில் 700-க்கும் மேற்பட்ட மா வகைகள் நிற்கின்றன. அது நாட்டுக்கு நல்லது. ஆனால் அங்கே ஒரு மரம் இருப்பது நம் சமையலறையில் ஒரு ஜாடி இருப்பதற்கு ஈடாகாது. பக்கத்துச் சித்தூரில் நாட்டு மா வைத்திருக்கும் விவசாயிகளையே பாதுகாவலர்களாக மதித்து ஒரு திட்டம் நடந்தது, உலக அளவில் பல நாடுகள் சேர்ந்து செய்தது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அதே மண், அதே மரங்கள். கிருஷ்ணகிரியில் ஆண்டுதோறும் மாங்கனிக் கண்காட்சி நடக்கிறது, மேசை மேசையாக வகைகள் அடுக்கி வைக்கிறார்கள். அதில் பெயரில்லாத வரப்பு மரங்களுக்கு ஒரு மேசை வேண்டும். பழத்தோடு, அந்தக் காயில் போட்ட ஊறுகாயும் வற்றலும் பக்கத்தில் இருக்க வேண்டும், தின்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்த வருடம் உங்கள் மரத்துக் காயைக் கொண்டுவர முடியுமானால் இங்கே எழுதுங்கள். ஊர், மரம் நிற்கும் இடம், எந்த மாதம் பழுக்கும், வீட்டில் அதை எதற்கு வைத்துக்கொள்வீர்கள், இவ்வளவு போதும். நான் பட்டியல் போடுகிறேன்.

11 ஆகஸ்ட்

தம்பி, 4-ஆம் மரத்தின் குச்சி சந்தூருக்குப் போய்ச் சேர்ந்ததா? பத்துக் கன்று கட்டச் சொன்னால் இரண்டு எனக்கு, பணம் கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன். 5-ஆம் மரத்துக்கும் அப்படியே. துளிர் விட்டதும் மறக்காமல் எண் எழுதிய தகடு கட்டிவிடுங்கள், இல்லையென்றால் நர்சரியில் எல்லாக் கன்றும் ஒன்றுபோலத் தெரியும்.